6 ஜிபி கணக்கும் 171 ஜிபி சிட்டையும்

"அண்ணா, சர்வர்ல சி டிரைவ் ஃபுல் ஆயிருச்சு. பில் போட முடியல. பெருசா ஒரு ஃபைல் கெடக்குது, 171 ஜிபி. பேர்ல லாக்னு இருக்குது. குப்பைதானே, அழிச்சுரட்டுமா?"

கோவையில் பம்ப் உதிரிபாக மொத்த வியாபாரம் செய்யும் என் சித்தப்பா மகன், போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலையில் போன் செய்து கேட்டது இது. "எதுலயும் கை வைக்காதே, மெஷினை ஆஃப் பண்ணாதே, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் அவன் டெலீட் பட்டனை அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கிடையாது. இருபது வருஷமாக டேட்டாபேஸுக்கு மேலே மென்பொருள் எழுதுகிறவன், அவ்வளவுதான். ஆனால் சின்ன ஆபீஸ்களில் அந்த வேலைக்கு ஆளே கிடையாது என்பதால், குடும்பத்தில் யார் கம்ப்யூட்டர் படித்தாரோ அவர்தான் அட்மினிஸ்ட்ரேட்டர்.

சர்வர் என்று அவர்கள் சொன்னது கணக்குப்பிள்ளையின் மேஜைக்கு அடியில் இருந்த ஒரு சாதாரண டெஸ்க்டாப். மேலே "சர்வர், ஆஃப் செய்யாதீர்கள்" என்று தாள் ஒட்டியிருந்தது. அதில் பில்லிங் மென்பொருள், அதன் அடியில் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். எக்ஸ்பிரஸ் என்பது இலவசப் பதிப்பு. 2008 ஆர்2 பதிப்பிலிருந்து 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி என்பது அதன் வரம்பு. இந்த வரம்பு டேட்டா கோப்புக்கு மட்டும்தான், லாக் கோப்புக்கு இல்லை. அதனால்தான் டேட்டா 6 ஜிபியில் இருக்க, லாக் 171 ஜிபி வரை போயிருந்தது. தடுக்க யாரும் இல்லை, டிஸ்க் தீரும்வரை.

லாக் என்ற பெயர்தான் இங்கே முதல் எதிரி. நாம் வழக்கமாகப் பார்க்கிற லாக் எல்லாம் "இந்த நேரத்தில் இது நடந்தது" என்று எழுதி வைக்கிற வெறும் குறிப்பு. அதை அழித்தால் ஒன்றும் கெடாது. டேட்டாபேஸின் டிரான்சாக்‌ஷன் லாக் அந்த ஜாதி இல்லை. இதை விளக்க நல்ல உதாரணம் அந்த மேஜை மேலேயே இருந்தது. பழைய கடைக் கணக்கில் சிட்டை என்று ஒன்று, பேரேடு என்று ஒன்று. வியாபாரம் நடக்க நடக்க வரிசையாகச் சிட்டையில் எழுதுவார்கள். பிறகு நிதானமாக ஒவ்வொரு வரியையும் பேரேட்டில் அந்தந்த பார்ட்டியின் பக்கத்தில் ஏற்றுவார்கள். பேரேட்டில் இன்னும் ஏறாத வரி சிட்டையில் மட்டும்தான் இருக்கும். அந்த நேரத்தில் சிட்டையைக் கிழித்தால் வியாபாரமே நடக்காத மாதிரி.

எஸ்க்யூஎல் சர்வர் செய்வதும் இதேதான். நீங்கள் ஒரு பில்லை சேமிக்கும்போது, மாறிய விவரம் முதலில் லாக் கோப்பில் எழுதப்பட்டு டிஸ்கில் உறுதியான பிறகுதான் "சேமித்தாயிற்று" என்ற பதில் வரும். டேட்டா கோப்பில் இருக்கும் பக்கங்கள் நினைவகத்தில் மட்டும் மாறியிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து செக்பாயிண்ட் என்ற வேலை ஓடும்போதுதான் அவை டிஸ்குக்குப் போகும். எதற்கு இந்தச் சுற்று? ஒரு பில்லில் பன்னிரண்டு பொருள் என்றால் பன்னிரண்டு இடத்தில் இருப்பு குறையணும், பார்ட்டியின் பாக்கி ஏறணும், வரிக் கணக்கு மாறணும். இவை எல்லாம் டேட்டா கோப்பில் வெவ்வேறு மூலையில் கிடக்கும். ஒவ்வொன்றையும் தேடிப்போய் எழுதினால் நேரமாகும், நடுவில் கரண்ட் போனால் பாதி குறைந்த இருப்பும் ஏறாத பாக்கியுமாக நிற்கும். லாகில் எழுதுவது கடைசி வரிக்கு அடுத்த வரி, அவ்வளவுதான்.

கரண்ட் போய் வந்த பிறகு சர்வர் எழுந்ததும் இந்தச் சிட்டையைத்தான் முதலில் எடுத்துப் படிக்கிறது. எங்கிருந்து பார்க்க வேண்டும் என்று ஒரு முறை ஆராய்கிறது. நடந்ததையெல்லாம் மறுபடி செய்கிறது. முடியாமல் நின்ற பரிவர்த்தனைகளைத் திரும்ப அவிழ்க்கிறது. ஆராய்தல், மறுபடி செய்தல், அவிழ்த்தல் என்ற இந்த மூன்று நடை முறைக்கு ஏரீஸ் என்று பெயர். 1992ல் ஏசிஎம் ஆய்விதழில் வந்த கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐஐடியில் படித்து ஐபிஎம்மின் கலிஃபோர்னியா ஆய்வகத்துக்குப் போனவர். ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் இரண்டும் இந்த வழியில்தான் மீள்கின்றன. மேஷ ராசியின் ஆங்கிலப் பெயர்தான் ஏரீஸ் என்பதால் கணக்குப்பிள்ளைக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடித்தது. "அதான் முட்டி மோதி எந்திரிக்குது" என்றார்.

இப்போது அழிப்பதற்கு வருவோம். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது லாக் கோப்பை அழிக்க விண்டோஸ் விடாது, கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும். அடுத்து ஆள் என்ன செய்வான்? சர்வீஸை நிறுத்துவான், இல்லை மெஷினையே ரீஸ்டார்ட் செய்து முந்திக்கொண்டு அழிப்பான். டேட்டாபேஸ் ஒழுங்காக மூடப்பட்டிருந்தால், லாகைப் புதிதாகக் கட்டி மறுபடி இணைக்க ஒரு வழி உண்டு. ஆனால் டிஸ்க் நிரம்பி, பாதி பில்கள் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் ஒழுங்கான மூடலை எதிர்பார்க்க முடியாது. அப்படிப்பட்ட டேட்டாபேஸ் திறக்கவே திறக்காது. மிச்சம் இருப்பது எமர்ஜென்சி மோடில் ஒரு ரிப்பேர். அந்தக் கட்டளையின் கூடவே "டேட்டா இழப்பை அனுமதி" என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதி வாங்கிக்கொண்டு ஆபரேஷன் செய்கிற மாதிரி. எந்த வரி போனது, எது தப்பியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஜிஎஸ்டி கணக்கு வைத்திருப்பவருக்கு அதைவிட மொத்தமும் போவதே மேல் என்றுகூடத் தோன்றும்.

சரி, லாக் ஏன் இவ்வளவு பெரிதானது? லாக் கோப்பு உள்ளே வட்டமாகச் சுற்றும். பழைய வரிகள் தேவையில்லை என்றானதும் அந்த இடத்திலேயே புது வரிகளை எழுதும். "தேவையில்லை" என்று முடிவு செய்வது ரெக்கவரி மாடல் என்ற ஒரு அமைப்பு. சிம்பிள் என்று வைத்தால், செக்பாயிண்ட் முடிந்து டேட்டா கோப்பில் ஏறிய வரிகளின் இடம் விடுவிக்கப்படும். ஃபுல் என்று வைத்தால், அந்த வரிகளை லாக் பேக்கப் எடுத்த பிறகுதான் விடும். எடுக்கவே இல்லையா? காத்திருக்கும். எத்தனை வருஷமானாலும் காத்திருக்கும். எதற்காகக் காத்திருக்கிறது என்று சர்வரிடமே கேட்கலாம். டேட்டாபேஸ்களின் பட்டியலில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. எங்கள் சர்வரில் அதில் "லாக் பேக்கப்" என்று இருந்தது. பில் போட முடியாமல் வந்த 9002 எண் பிழைச் செய்தியிலும் இதே காரணம் அப்பட்டமாக எழுதியிருந்தது. பிழைச் செய்தியை முழுசாகப் படிக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இங்கே ஒரு வேடிக்கை. இந்த மென்பொருளை நிறுவும்போதே ஃபுல் என்று அமைத்திருந்தார்கள். ஆனாலும் முதல் சில வருஷங்கள் லாக் வளரவில்லை. ஏனென்றால் ஃபுல் என்று பேருக்கு வைத்திருந்தாலும், முதல் முழு பேக்கப் எடுக்கும்வரை சர்வர் சிம்பிள் மாதிரியேதான் நடந்துகொள்ளும். அடிப்படையாக ஒரு முழு பேக்கப்பே இல்லாதபோது லாகைச் சேர்த்து வைத்து என்ன பயன் என்ற நியாயம்தான். பேக்கப் வரலாறு எம்எஸ்டிபி என்ற உள் டேட்டாபேஸில் பதிவாகும். அதைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு வரி, 14 மாதத்துக்கு முந்தையது. மென்பொருள் நிறுவனத்தின் சப்போர்ட் பையன் புது வெர்ஷன் போடும் முன் பொறுப்பாக ஒரு முழு பேக்கப் எடுத்திருக்கிறான். செய்ய வேண்டிய வேலைதான், குறையே சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்குத்தான் மீட்டர் ஓட ஆரம்பித்தது. அதோடு அந்த மென்பொருளில் "டேட்டா சரிபார்ப்பு" என்று ஒரு மெனு. ஒவ்வொரு முறையும் இன்டெக்ஸ்களை எல்லாம் புதிதாகக் கட்டும், அத்தனையும் லாகில் ஏறும். கணக்குப்பிள்ளை பயபக்தியோடு சனிக்கிழமை தோறும் அதை ஓட்டியிருக்கிறார்.

"பேக்கப் எல்லாம் இருக்குதுங்க தம்பி, பயப்படாதீங்க. தெனமும் ராத்திரி நானே பென் டிரைவ்ல எடுத்துருவேனுங்க" என்றார். வாங்கிப் பார்த்தேன். யாரோ எழுதிக் கொடுத்த ஒரு பேட்ச் கோப்பு, மென்பொருளின் ஃபோல்டரை அப்படியே நகலெடுக்கும். பிழை வந்தாலும் நிற்காமல் அடுத்த கோப்புக்குப் போ என்று அதில் ஒரு குறி. ஓடுகிற சர்வரின் டேட்டா கோப்பை வெறுமனே நகலெடுக்க முடியாது, பூட்டியிருக்கும். ஆக பென் டிரைவில் பில் பார்மட் இருந்தது, கம்பெனி லோகோ இருந்தது, நிறுவும் கோப்புகள் இருந்தன. டேட்டா இல்லை. ஒரு நாள்கூட இருந்ததில்லை. அவரிடம் அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அறுபத்து மூன்று வயதில் தினமும் மறக்காமல் செய்த வேலை அது.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் போஸ்ட்கிரெஸ் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. தினசரி பேக்கப்பைத் தேடினால் அங்கே ஒன்றுமில்லை. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் ஒத்துப்போகாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாரையும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள், அந்த நேர்மைக்காகவே படிக்கலாம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். சப்போர்ட் பையன் எடுத்த அந்தப் பழைய பேக்கப் கோப்பு அதே சி டிரைவில்தான் கிடந்தது. முதலில் அதை வெளி ஹார்ட் டிஸ்குக்கு நகர்த்தியதில் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. பிறகு புதிதாக ஒரு முழு பேக்கப், வெளி டிஸ்கில். இது முடியும்வரை யாரையும் பில் போட விடவில்லை. முடிந்த பிறகுதான் எனக்குக் காபி இறங்கியது.

அடுத்தது தொழில்நுட்பக் கேள்வி இல்லை, வியாபாரக் கேள்வி. "மெஷின் எரிஞ்சு போச்சுன்னு வச்சுக்கோ. எத்தனை நேரத்துக் கணக்கு போனா தாங்குவே?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"ஒரு நாள் போனாப் பரவால்லண்ணா. பேப்பர் பில் இருக்குல்ல, திரும்பப் போட்டுக்கலாம்."

கணக்குப்பிள்ளை தலை நிமிரவில்லை. "போடப்போறது நானுங்க" என்றார்.

ஒரு மணி நேரம் என்று முடிவானது. ஒரு நாள் என்றிருந்தால் சிம்பிள் மாடலுக்கு மாற்றி, ராத்திரி ஒரு முழு பேக்கப் என்று முடித்திருப்பேன். பெரும்பாலான சின்ன ஆபீஸுக்கு என் சிபாரிசும் அதுதான். ஒரு மணி நேரம் என்றால் ஃபுல்லே இருக்கட்டும், மணிக்கொரு லாக் பேக்கப் எடுக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் பதிப்பில் இப்படி நேரம் குறித்து வேலை ஓட்டும் ஏஜென்ட் கிடையாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு ஸ்கிரிப்டைப் போட்டு ஓட்ட வேண்டியதுதான். அது பேக்கப் எடுத்து, வேறொரு மெஷினுக்கு நகலெடுத்து, நகல் போகவில்லை என்றால் கணக்குப்பிள்ளையின் திரையில் சிவப்பாக ஒரு பெட்டி காட்டும். இது போக இரண்டு வெளி டிஸ்க், வாரம் ஒன்று தம்பி வீட்டுக்குப் போகும். ரான்சம்வேர் வந்தால் நெட்வொர்க்கில் எட்டுகிற எல்லா நகலையும் அது பூட்டிவிடும், பிடுங்கி வைத்த டிஸ்கைப் பூட்ட முடியாது.

171 ஜிபி லாகையும் வெளி டிஸ்குக்கு பேக்கப் எடுத்தோம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எடுத்ததும் கோப்பு சுருங்கும் என்று தம்பி எதிர்பார்த்தான். சுருங்காது. உள்ளே இடம் காலியாகும், கோப்பு அதே அளவில்தான் இருக்கும். சுருக்கத் தனிக் கட்டளை. அதைக் கொடுத்தும் முதலில் அசையவில்லை. லாகின் இப்போதைய வரி கோப்பின் கடைசியில் நின்றுகொண்டிருந்தது, பின்னாலிருந்து மட்டுமே வெட்ட முடியும். நாலு பில் போட்டு, இன்னொரு லாக் பேக்கப் எடுத்து, எழுதும் இடம் முன்னால் சுற்றி வந்த பிறகு இறங்கியது. 4 ஜிபியில் நிறுத்தினேன். திரும்ப வளரத்தான் போகிற கோப்பை இன்னும் வெட்டுவதில் அர்த்தமில்லை.

அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் சர்வரின் பிழைப் பதிவைப் புரட்டியபோது (இது நிஜமாகவே குறிப்பு மட்டும் எழுதும் லாக்) வேறொன்று கண்ணில் பட்டது. சில விநாடிக்கு ஒரு முறை 18456, அதாவது லாகின் தோல்வி, எஸ்ஏ என்ற பயனர் பெயருக்கு. ராத்திரி இரண்டு மணிக்கும். வந்த முகவரிகள் எதுவும் ஆபீஸ் முகவரி இல்லை. தம்பி வீட்டிலிருந்து ரிப்போர்ட் பார்க்க வேண்டும் என்று யாரோ ரவுட்டரில் 1433 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விட்டிருக்கிறார்கள். எஸ்ஏ என்பது சர்வரின் சர்வ அதிகாரக் கணக்கு. அதன் பாஸ்வேர்ட் ஒவ்வொரு பில்லிங் மெஷினிலும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் திறந்து கிடந்தது. அந்த மென்பொருள் வாங்கிய எல்லாக் கடைக்கும் அதே பாஸ்வேர்ட்தான் என்று சப்போர்ட் பையனே போனில் சொன்னான். எஸ்ஏ கையில் கிடைத்தால் டேட்டா மட்டும் போகாது, டேட்டாபேஸ் வழியாக விண்டோஸ் கட்டளைகளையே ஓட்டலாம். அதற்கான வசதி 2005 பதிப்பிலிருந்து மூடித்தான் வருகிறது, ஆனால் எஸ்ஏ அதைத் திறந்துகொள்ள முடியும்.

எனக்கு 2003 ஞாபகம் வந்தது. ஜனவரி 25, சனிக்கிழமை, நம் நேரப்படி காலை சுமார் 11 மணி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆபீஸ் நெட்வொர்க் திடீரென்று நின்றது. ஸ்லாமர் என்று பின்னால் பெயர் சொன்னார்கள். 376 பைட் நிரல், ஒரே ஒரு பாக்கெட். எஸ்க்யூஎல் சர்வர் 2000ல் "இந்த மெஷினில் எந்த சர்வர் எந்தப் போர்ட்டில் இருக்கிறது" என்று கேட்டால் பதில் சொல்ல யூடிபி 1434ல் ஒரு சேவை உண்டு. அதனிடம் அளவுக்கு மீறி நீளமான பெயரைக் கொடுத்தால் வந்த நிரலையே அது ஓட்டிவிடும். பாஸ்வேர்டே தேவையில்லை. ஆரம்பத்தில் 8.5 விநாடிக்கு ஒரு முறை இரட்டிப்பாகி, பாதிக்கப்படக்கூடிய மெஷின்களில் 90 சதவீதத்தைப் பத்து நிமிடத்தில் தொட்டது. குறைந்தது 75,000 மெஷின்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரையே சுமார் ஐந்து மணி நேரம் நின்றது. நல்ல வேளை, உலை அப்போது ஓடவில்லை. ஒப்பந்தக்காரர் ஒருவரின் இணைப்பு ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிருந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையில், வந்துவிட்டிருந்தது.

போடாததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. எம்எஸ்டிஇ என்ற இலவசப் பதிப்பு வேறு மென்பொருள்களுக்குள் ஒளிந்து வந்து உட்கார்ந்திருந்தது. தங்கள் மெஷினில் டேட்டாபேஸ் சர்வர் இருப்பதே பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அன்று பாக்கெட்டுகளைத் துப்பிக்கொண்டிருந்த மெஷின்களில் ஒன்று என்னுடையது. இன்றைய எக்ஸ்பிரஸ் அந்த எம்எஸ்டிஇயின் வாரிசுதான். தம்பி ஆபீஸில் "ஒரே சர்வர்" என்றார்கள், நெட்வொர்க்கில் தேடியபோது மூன்று பதில் சொன்னது. ஒன்று வருகைப் பதிவு மெஷினோடு வந்தது, இன்னொன்று எப்போதோ விட்டுப்போன பழைய பில்லிங் மென்பொருளுடையது.

ரவுட்டரில் திறந்திருந்ததை மூடிவிட்டு, வீட்டிலிருந்து பார்க்க விபிஎன் போட்டுக் கொடுத்தேன். விண்டோஸ் ஃபயர்வாலில் ஆபீஸ் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி. தேவையில்லாத சர்வரை நீக்கியாயிற்று. எஸ்ஏ பாஸ்வேர்டை மட்டும் உடனே மாற்ற முடியவில்லை, மென்பொருளுக்குள் சில இடத்தில் அது பதிந்தே கிடந்தது. அந்த நிறுவனத்தோடு மூன்று மாதம் போன் சண்டை போட்டு, தனிக் கணக்கு ஒன்றை வாங்கினோம்.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஒரு பழைய லேப்டாப்பில் பேக்கப்பை ரீஸ்டோர் செய்வது கணக்குப்பிள்ளையின் வேலை. முழு பேக்கப், அதன்மேல் வரிசையாக லாக் பேக்கப்புகள். முடிந்ததும் முந்தைய நாள் கடைசி பில்லைத் திறந்து, கையிலிருக்கும் அச்சடித்த பில்லோடு எண்ணையும் தொகையையும் ஒப்பிடுவார். இரண்டாவது மாதமே கூப்பிட்டார். "தம்பி, ரெண்டு பில்லு கொறையுதுங்க." பார்த்தால் கடைசி லாக் பேக்கப் ராத்திரி 8 மணிக்கு என்று நான் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை லாரி லேட்டாக வந்து 8.20க்கு இரண்டு பில் போட்டிருக்கிறார்கள். 10 மணி வரை நீட்டி வைத்தேன்.